குதிரைப் படம் தொங்கும் போறணைக் கடை: கல்பணிஸ் நல்லது, மீன் ரோல்ஸ் வேண்டாம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஏ35 வீதியில், தருமபுரம் தாண்டி விசுவமடு வருவதற்கு முன்னம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகை ஒரு காற்றுக்கு விழுந்துவிட்டது, இப்போது அதை மா மூடைகளுக்குக் கீழே ஈரம் ஏறாமல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் கடையைத் தேடாதீர்கள், புகையைத் தேடுங்கள். காலை நாலு மணிக்கே போறணை, அதுதான் பாண் சுடுகிற பெரிய அடுப்பு, எரியத் தொடங்கிவிடும். விசாரித்துத்தான் போவீர்கள் என்றால் "குதிரைக் கடை எங்கை?" என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் காட்டும். வயதான ஆட்கள் சிலர் பேக்கரியை இன்னும் "வெதுப்பகம்" என்றுதான் சொல்கிறார்கள், அது எந்தக் காலத்துச் சொல் என்று வன்னியில் இருந்த ஆட்களுக்கு விளங்கும்.

குதிரைக் கடை என்றதும் குதிரை கட்டியிருக்கும் என்று நினைத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்த ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே காசு மேசைக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம், எண்ணெய்ப் புகை ஏறி இப்போது மண்ணிறமாகிவிட்டது. கொஞ்சம் கட்டையான, பார்க்கப் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு குதிரை, முதுகில் ஒல்லியான ஒருவன். நான் முதல் நாள் பார்த்தபோது நெடுந்தீவுக் குதிரையாக்கும் என்று நினைத்தேன்.

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதைக்குப் பிறகு வருகிறேன்.

பாண் நல்லது. விறகுப் போறணைப் பாண், மேல் தோல் மொறுமொறு என்று, உள்ளே ஈரம் இல்லாமல். காலை ஆறரைக்கு முதல் போனால் சூடாகக் கிடைக்கும், ஏழரைக்குப் போனால் வெறும் தட்டுத்தான். மாலைப் போறணை மூன்றரைக்கு. தேங்காய்ப்பூ வைத்த பணிஸ் எண்பது ரூபாய், அந்தக் காசுக்குத் தாராளம். சம்பல் பணிஸ் உறைப்பு கொஞ்சம் கூட, ஆனால் உறைப்பு வேண்டாம் என்றால் ஏன் சம்பல் பணிஸ் வாங்குகிறீர்கள். பிளேன்ரீ ஐம்பது ரூபாய், சீனி கேட்காமலே மூன்று கரண்டி போடுவார்கள், முதலே சொல்லிவிட வேண்டும். பனங்கட்டி கேட்டால் ஒரு துண்டு தனியாகத் தருவார்கள், அதைக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் அங்கே சரி. மீன் ரோல்ஸ் வாங்காதீர்கள். உள்ளே மீனைவிட உருளைக்கிழங்குதான் அதிகம், அதுவும் முதல் நாள் எண்ணெயில் பொரித்தது. இதை நான் கடைக்கார அண்ணையின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன், அவர் "மீன் விலை தெரியுமோ தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடையின் பெருமை கல்பணிஸ். பெயரே சொல்கிறதே, கல். மேலே சீனி பூசி, காய வைத்துச் சுட்டது. தேத்தண்ணியில் தோய்க்காமல் கடித்தால் பல் வைத்தியருக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும். தோய்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: பத்து வரைக்கும் எண்ணிவிட்டு எடுத்தால் ஓரம் இளகி நடு இன்னும் கட்டியாக இருக்கும், இருபது எண்ணினால் பாதி உடைந்து கோப்பைக்குள் போய்விடும். நான் பன்னிரண்டு எண்ணுவேன்.

கல்பணிஸ் ஒன்றை நீட்டும்போது அண்ணை மேலே படத்தைக் காட்டிச் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது. "இதுதான் அந்தக் குதிரையின்ரை பேர்." புது ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது. விஷயம் இதுதான். படத்தில் இருப்பது ஒரு அமெரிக்கப் பந்தயக் குதிரை, பெயர் சீபிஸ்கட். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் மாதக்கணக்காகப் பழுதாகாமல் இருக்க மாவையும் தண்ணியையும் குழைத்துச் சுட்டுக்கொண்டு போன கட்டி பிஸ்கட்டுக்கு அதுதான் பெயர். அதே பிஸ்கட்டுக்கு இன்னொரு பெயர் ஹார்ட்டக். குதிரையின் தகப்பன் குதிரைக்குப் பெயர் ஹார்ட்டக். ஆகத் தகப்பனும் கல்பணிஸ், மகனும் கல்பணிஸ்.

நான் இந்தக் கடைக்கு முதல் போனது பசியால் அல்ல, பெற்றோலால். 2022 ஆனி மாதம். ஞாபகம் இருக்கும்தானே. நாடு கடனைக் கட்ட முடியாது என்று சித்திரையிலேயே சொல்லியாயிற்று, 2021 மார்கழியில் லீற்றர் 177 ரூபாய்க்கு அடித்த பெற்றோல் அந்த ஆனி முடிகிறபோது 470. அதுவும் காசிருந்தால் கிடைக்கும் என்றில்லை, வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பெற்றோல் செற் ஒன்றில் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு மூன்று நாள் கிடந்தேன். பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வரும் என்பார்கள், வராது. இரவில் வரும் என்பார்கள், விடிந்துவிடும். அதற்கு முதல் வருசம் பசளை இல்லை என்று வயல் பாழாய்ப் போன கமக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், தண்ணி இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாத ஆட்கள் கலனோடு நின்றார்கள். (அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ஆனது, அது வேறு கதை.) மூன்று நாளும் நிழலுக்கும் தண்ணிக்கும் இந்தக் கொட்டகைதான். ஊர் முழுக்கக் காஸ் இல்லாமல் அடுப்பு மூடிக் கிடந்தபோது இங்கே விறகுப் போறணை என்பதால் எரிந்தது. மா வராத நாட்களில் அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் கலந்து என்னவோ சுட்டார்கள், ருசி பற்றிக் கேட்காதீர்கள், வயிற்றில் நின்றது.

கதை அங்கேதான் தொடங்கியது. "தம்பி, தோத்த குதிரையின்ரை கதை தெரியுமோ?"

அண்ணை கதையைத் தவணை முறையில்தான் சொல்லுவார், இதைப் புதுசாகப் போகிற ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தேத்தண்ணிக்கு ஒரு துண்டு. தட்டு வெளியே இழுக்கிற நேரம் வந்தால் எந்த இடமென்றாலும் அறுத்துவிட்டுப் போய்விடுவார். முதல் நாள் அவர் அறுத்த இடம், அந்தக் குதிரை முதல் பதினேழு ஓட்டத்திலும் வெல்லவில்லை என்கிற இடம்.

1933ஆம் ஆண்டு வைகாசியில் அமெரிக்காவில் கென்டக்கியில் பிறந்த குதிரை. அந்த வருசம் அந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை, வங்கிகள் வரிசையாக மூடிக் கிடந்தன. இதை அண்ணை சொன்னபோது வெளியே வரிசையைப் பார்த்துத்தான் சொன்னார். குதிரை பார்க்க உதவாத குதிரை. கட்டை உடம்பு, முண்டு முண்டான முழங்கால், ஓடச் சொன்னால் நித்திரை, எழுப்பினால் தீன். இரண்டு வயதிலேயே முப்பத்தைந்து ஓட்டம் ஓட வைத்திருக்கிறார்கள். அதைப் பழக்கியவர் அந்த நாட்டிலேயே பெயர்பெற்ற ஆள், பிட்ஸ்சிமன்ஸ் என்று. ஆனால் அவருடைய கையில் அப்போது ஒமாஹா என்று இன்னொரு குதிரை இருந்தது, 1935இல் அங்கத்தைய மூன்று பெரிய ஓட்டத்தையும் ஒரே வருசத்தில் வென்ற குதிரை. வீட்டில் மூத்த பிள்ளை டொக்டர் என்றால் கடைசிப் பிள்ளையை ஆர் கவனிப்பார்கள்? கடைக்குப் போகவும் மாடு அவிழ்க்கவும் விடுவார்கள். மற்றக் குதிரைகளைப் பழக்குவதற்குத் துணைக்கு ஓட விடுகிற குதிரையாக இதை வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் கதையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சவாரிக்கார அப்பு ஒருவர் வந்து சேர்ந்தார், ஒரு காலத்தில் வட்டக்கச்சிப் பக்கம் மாட்டு வண்டில் சவாரியில் பெயர் எடுத்தவர். அவர் வந்தால் கதைக்கு உப்பு ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி.

1936 ஆவணியில் அந்தக் குதிரையை 8,000 டொலருக்கு வாங்கினான் சார்ள்ஸ் ஹவர்ட் என்கிற ஒருவன். இந்த இடத்தில் அண்ணைக்கு முகம் மலரும். ஏனென்றால் ஹவர்ட் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து முதலில் செய்தது சைக்கிள் திருத்துகிற தொழில், பிறகுதான் பியூக் கார் விற்றுப் பணக்காரன் ஆனான். அண்ணையும் சைக்கிள் திருத்தினவர். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்கு வரவே விடாத நாட்களில், மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில், ஊரே சைக்கிளில்தான் ஓடியது. வெடித்த ரயரை ஊசி நூலால் தைத்துக் கொடுத்து ஓட வைத்த ஆள் இவர். "அவன் கார் வித்தான், நான் பாண் விக்கிறன்" என்பார். போறணைக் கதவைத் தூக்குகிற கொளுக்கி கூட ஒரு சைக்கிள் பிறேக் கம்பியை வளைத்துச் செய்ததுதான், போனால் பாருங்கள்.

குதிரையைப் பழக்க ஹவர்ட் பிடித்தது ரொம் ஸ்மித் என்கிற வாய் திறவாத ஒரு மனிசன். மாட்டுப் பட்டிகளிலும் காட்டுக் குதிரைகளோடும் திரிந்த ஆள். அவர் செய்த முதல் வேலை குதிரையை அடிக்காமல் விட்டதும் வேண்டியளவு படுக்க விட்டதும். வந்த புதிதில் குதிரை கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்ததாம், தீனும் எடுக்காதாம். துணைக்கு ஒரு ஆட்டை விட்டார். குதிரை ஆட்டைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே எறிந்துவிட்டது.

சவாரிக்கார அப்பு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள். "என்ரை நாம்பன் ஒண்டு கோழி கிட்டப் போனாலும் குத்தும். ஆனால் பக்கத்திலை ஒரு கண்டு கட்டாட்டில் தீன் எடாது." பிறகு ஸ்மித் ஆட்டை விட்டுவிட்டு பம்ப்கின் என்று ஒரு கிழட்டு மஞ்சள் குதிரையைக் கொண்டுவந்து கட்டினார், இரண்டுக்கும் ஒத்துப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாயும் ஒரு குரங்கும் வந்து சேர்ந்து எல்லாம் ஒரே கொட்டிலில் படுத்தன. பூசணிக்காய் என்று பெயர் வைத்த குதிரைக்கும் கப்பல் பிஸ்கட் என்று பெயர் வைத்த குதிரைக்கும் சிநேகம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் வெளியே பவுசர் வந்துவிட்டது என்று யாரோ கத்தி, எல்லோரும் ஓடி, அது தண்ணிப் பவுசர் என்று தெரிந்து திரும்பி வந்தோம்.

அப்புறம் குதிரையில் ஏறி ஓட்டுகிற ஆள், ரெட் பொலார்ட். அண்ணைக்கு இந்தக் கதை கிடைத்ததே இவனால்தான். அவருடைய மருமகன் இருப்பது கனடாவில் எட்மண்டனில், பொலார்ட் பிறந்ததும் அந்த ஊர். மருமகன்தான் படத்தையும் அனுப்பி, போனில் கதையையும் சொன்னது. பொலார்ட்டுக்கு வலக் கண் தெரியாது. பழகுகிற நேரத்தில் அடிபட்டுப் போன கண். தெரிந்தால் ஓட விடமாட்டார்கள் என்று வெளியில் சொல்லவே இல்லை.

"ஒரு கண் தெரியாட்டில் பக்கத்திலை வாற குதிரை என்னண்டு தெரியும்?" அப்பு விடவில்லை.

"தெரியாது. அதாலைதான் தோத்தவன்" என்றார் அண்ணை. 1937இல் கலிபோர்னியாவில் சான்ரா அனிற்றா என்கிற திடலில் நடந்த பெரிய ஓட்டத்தில் ரோஸ்மொன்ட் என்கிற குதிரையிடம் மூக்கு நுனியளவில் தோல்வி. ரோஸ்மொன்ட் ஏறி வந்த பக்கம் பொலார்ட்டின் தெரியாத கண் பக்கம் என்று கதை உண்டு. அடுத்த வருசம் அதே திடல், அதே ஓட்டம், பொலார்ட் காயப்பட்டதால் வேறு ஆள் ஓட்டினான், ஸ்டேஜ்ஹான்ட் என்கிற குதிரையிடம் திரும்பவும் மூக்களவில் தோல்வி. ஒரு மூக்கு எவ்வளவு என்று அப்பு கேட்க, அண்ணை கல்பணிஸ் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார்.

இங்கே ஒரு குறை. சூதாட்டத்தை அண்ணை முழுதாக விட்டுவிடுவார். அந்தத் திடல்கள் நிரம்பியதற்குப் பந்தயம் கட்டுவது ஒரு பெரிய காரணம், கலிபோர்னியாவில் 1933இல் தான் அதைச் சட்டப்படி விட்டார்கள், 1934 நத்தார் அன்று சான்ரா அனிற்றா திறந்தது, வேலை இல்லாதவனும் இரண்டு டொலரைக் கையில் பொத்திக்கொண்டு போனான். இதைக் கேட்டால் "அது எங்களுக்குத் தேவையில்லை" என்று முடித்துவிடுவார். போனில் பந்தயம் கட்டிக் கட்டி மோட்டார் சைக்கிளை அடகு வைத்த பெடியள் அந்த வாங்கிலேயே இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள், அவர் ஏன் விடுகிறார் என்று விளங்குகிறது. ஆனாலும் கதை கேட்க வந்தவனுக்கு முழுக்கதையும் வேண்டும்.

பிம்லிக்கோ ஓட்டம்தான் அவர் கடையின் உண்மையான மாலைப் போறணை, சூட்டோடு வரும். 1938 கார்த்திகை முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, போல்ரிமோரில். எதிர்க் குதிரை வார் அட்மிரல், அதற்கு முந்தின வருசம் மூன்று பெரிய ஓட்டத்தையும் வென்றது, அழகு, எல்லோரும் வெல்லும் என்று சொன்னது. உறவு முறையில் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்: மான் ஓ வார் என்கிற பேர்போன குதிரையின் மகன் வார் அட்மிரல், பேரன் சீபிஸ்கட். சித்தப்பனுக்கும் பெறாமகனுக்கும் ஓட்டம். இதைச் சொன்னதும் அப்பு, "காணிச் சண்டையோ?" என்று கேட்டார்.

பொலார்ட் அன்று ஏறவில்லை. அந்த வருசம் மாசியில் நெஞ்சு நசுங்கி, தேறி வருகிறபோது ஆனியில் வேறொரு குதிரை முறுகி ஓடிக் கால் சிதறிக் கிடந்தான். ஏறியது அவனுடைய சிநேகிதன் ஜோர்ஜ் வூல்ப். படுக்கையில் கிடந்த பொலார்ட் அவனுக்குச் சொல்லி அனுப்பினது: முன்னுக்கு ஓடு, ஆனால் ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்துப் பிடி, மற்றக் குதிரை பக்கத்தில் வரட்டும், எங்கடை குதிரை அதன் கண்ணைப் பார்க்கட்டும், பிறகு விடு. தொடக்கத்தில் பாய்வதில் வார் அட்மிரலை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, ஸ்மித் தானே ஒரு மணியைச் செய்து, மணி அடித்தால் பாய வேண்டும் என்று தன் குதிரையை ஒதுக்குப்புறமாகப் பழக்கி வைத்திருந்தார்.

திடலில் நாற்பதாயிரம் பேர் நின்றார்கள், வானொலியில் நாலு கோடிப் பேர் கேட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கூட வேலையாகக் காத்திருந்த ஆட்களைக் காக்க வைத்துவிட்டு றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தாராம். இந்த இடத்துக்கு வரும்போது அண்ணை தன் கதையை நடுவில் நுழைப்பார், அதற்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். தடைக் காலத்தில் பற்றறி கிடையாது. பின்னேரம் பிபிசி தமிழோசை கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவன் பெடலைக் கையால் சுத்த வேண்டும். சுத்துகிறவன் களைத்தால் குரல் இழுபட்டுத் தேய்ந்து போகும், சுற்றியிருக்கிற பதினைந்து பேரும் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள். அண்ணை அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் காற்றில் பெடல் சுத்திக் காட்டுவார், கையில் மா ஒட்டியிருக்கும், அது முன்னால் இருக்கிற ஆளின் தேத்தண்ணிக்குள் விழும். அந்தச் சுத்தலோடேயே பிம்லிக்கோவுக்குப் போய்விடுவார்: மணி அடித்தது, உதவாத குதிரை முன்னுக்குப் பாய்ந்தது, வார் அட்மிரல் எட்டிப் பிடித்துப் பக்கத்தில் வந்தது, ஒரு நிமிசம் இரண்டும் ஒரே குதிரை மாதிரி, பிறகு இவன் பார்த்தான், போனான். நாலு குதிரை நீளத்தில் வெற்றி. ஏறக்குறைய 1.9 கிலோமீற்றரை ஒரு நிமிசம் 56.6 செக்கனில் ஓடி, அந்தத் திடலின் முந்தைய சாதனையையும் முறித்தது. அந்த வருசத்தின் சிறந்த குதிரை என்று அதற்குத்தான் கொடுத்தார்கள்.

கடைக்குள் கை தட்டினார்கள். பெற்றோல் இல்லாமல் மூன்றாம் நாள் கிடந்த ஆட்கள், எண்பத்து நாலு வருசத்துக்கு முதல் அமெரிக்காவில் ஓடி முடிந்த குதிரைக்கு.

நான் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அண்ணை சொன்னதில் பெரும்பாலும் சரி, ஒரு இடம்தான் எனக்குப் பொருந்தவில்லை. "ஏழையின்ரை குதிரை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஏழையின் குதிரை அல்ல. பெரிய பரம்பரையில் பிறந்து, பணக்காரர் கொட்டிலில் வளர்ந்து, அதைவிட நல்லது அவர்களிடம் இருந்ததால் இன்னொரு பணக்காரனுக்கு விற்கப்பட்ட குதிரை. 8,000 டொலர் அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் ஐந்து வருசத்தில் பார்க்காத காசு. ஏழைகள் றேடியோவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தது அதன் பிறப்பு இல்லை, அதை ஆட்கள் பார்த்த விதம் என்று நினைக்கிறேன்: பதினேழு தரம் ஓடவிட்டு, "உது சரிவராது" என்று சொல்லித் துணைக்கு ஓட விட்டார்களே, அது. வேலைக்குப் போய் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவனுக்கு அது தெரிந்த கதை. இதை அண்ணையிடம் சொன்னேன். "குதிரைக்குத் தெரியுமே ஆர் பணக்காரன் எண்டு" என்றார். அதுவும் ஒரு பதில்தான், ஆனால் என்னுடைய கேள்விக்கு இல்லை.

கடைசித் தவணையை நான் வரிசை முடிந்த பிறகு, பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்து வாரத்துக்கு நாலு லீற்றர் கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் கேட்டேன். அதற்கென்றே போனேன், பெற்றோலை அதற்குச் செலவழித்தேன் என்று வீட்டில் பேச்சும் வாங்கினேன். 1939 மாசியில் ஓட்டத்தின் நடுவில் சீபிஸ்கட்டின் முன்னங்கால் தசைநார் போனது. அதைக் கலிபோர்னியாவில் ஹவர்ட்டின் பண்ணைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே பொலார்ட் கால் பொருந்தாமல் ஊன்றுகோலோடு கிடந்தான். குதிரையும் ஆளும் சேர்ந்து நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினார்கள், முதலில் கொஞ்சத் தூரம், பிறகு இன்னும் கொஞ்சம்.

இந்த இடத்தில் அண்ணை வேகத்தைக் குறைத்துவிடுவார். அன்று மூலை வாங்கில் இருந்த ஒருவருக்குச் செயற்கைக் கால். வன்னியில் எந்தக் கடையின் மூலை வாங்கிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் அதுவரை கதையில் கலந்துகொள்ளவில்லை, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திரும்ப ஏறேக்கை காலுக்கு என்ன போட்டவன்?" அண்ணை, இரும்புப் பட்டை ஒன்று போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஏறினான் என்றார். அவர் தலையாட்டிவிட்டு, பட்டை இறுக்கினால் தோல் எந்த இடத்தில் வெட்டும் என்று தன் முழங்காலுக்குக் கீழே விரலால் கோடு கீறிக் காட்டினார். பிறகு பேப்பரைத் திருப்பினார்.

1940 பங்குனி இரண்டாம் திகதி, அதே சான்ரா அனிற்றா, இரண்டு தரம் மூக்களவில் போன அதே ஓட்டம். குதிரைக்கு ஏழு வயது, ஏறக்குறைய ஒரு வருசம் ஓட்டமே இல்லாமல் கிடந்து அப்போதுதான் திரும்பி வந்தது, மேலே பட்டை கட்டிய காலோடு ஒற்றைக் கண் பொலார்ட். எழுபத்தையாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வென்றார்கள். இரண்டாவதாக வந்ததும் ஹவர்ட்டின் குதிரைதான், கயாக் என்று. அதோடு குதிரைக்கு ஓய்வு. மொத்தம் 89 ஓட்டம், 33 வெற்றி, 4,37,730 டொலர் சம்பாத்தியம், அதுவரை எந்தக் குதிரையும் சம்பாதிக்காத தொகை. பண்ணையில் அதைப் பார்க்க மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்து போனார்களாம். 1947 வைகாசியில் செத்தது. எந்த இடத்தில் புதைத்தது என்று ஹவர்ட் வெளியில் சொல்லவில்லை, மேலே ஒரு மரத்தை நட்டுவிட்டான்.

33 வெற்றி என்றால் 56 தரம் வெல்லவில்லை என்று அப்பு வாய்க்கணக்கில் சொன்னார். அவருடைய நாம்பன் சோடி அதைவிடத் திறமாம்.

சரி, கடை. ஆட்கள் கூடினால் கவனிப்பு மோசம், கதை நடக்கும்போது பாண் கேட்டால் அண்ணைக்குக் காது கேளாது, உள்ளே வேலை செய்கிற பெடியனைக் கூப்பிடுங்கள். கை கழுவுகிற இடம் பின்பக்கம், வாளியில் தண்ணி இருக்கும், சவர்க்காரம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மழைக்குத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கதைக்காகப் போகிற ஆட்கள் மார்கழி மாரியைத் தவிர்த்துவிடலாம். குடும்பத்தோடு போகலாம், பெண்பிள்ளைகள் இருந்து சாப்பிட உள்ளே தனி மேசையும் போட்டிருக்கிறார்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைத்த ஒன்று மீன் ரோல்ஸுக்கு. போன கிழமை திரும்பப் போனபோது அதிலும் கொஞ்சம் மீன் தென்பட்டது, சூடை என்று நினைக்கிறேன், முள் ஒன்று பல்லிடுக்கில் குத்தியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டு. காட் எடுக்க மாட்டார்கள், சில்லறையாகக் காசு கொண்டு போங்கள், ஆயிரத்தை நீட்டினால் மிச்சத்துக்கு அரைவாசி கல்பணிஸாகத்தான் வரும்.